சீரற்ற இருதயத் துடிப்பும் மருந்துச் சீட்டும்

மனித உடலில் ஓய்வென்பதையே அறியாது உழைக்கும் உறுப்பு இருதயம். வளர்ந்த ஒருவர் அமைதியாக அமர்ந்திருக்கும்போது அது நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை வரை துடிக்கிறது. நாளொன்றுக்குக் கணக்கிட்டால் ஏறக்குறைய ஒரு லட்சம் துடிப்புகளாகும். இத்தனை துடிப்பும் தாளம் தவறாது நடைபெறும் வரையில், அப்படி ஓர் உறுப்பு நம்மிடம் இருப்பதையே நாம் நினைப்பதில்லை. தாளம் தவறும்போதுதான் நினைக்கிறோம். நெஞ்சுக்குள் மீன் துள்ளுவது போலவும், ஒரு துடிப்பு விட்டுப்போனது போலவும், திடீரென்று குதிரை ஓட்டம் பிடித்தது போலவும் தோன்றுகிறது. சிலருக்கு ஒன்றுமே தோன்றுவதில்லை. வேறு ஏதோ காரணத்துக்காக நாடி பார்த்த மருத்துவரே முதலில் அதைக் கண்டு கூறுகிறார்.

இந்நோய்க்கு இன்று நல்ல மருந்துகள் உண்டு. அவற்றை முறையாக உட்கொண்டு, பல்லாண்டுகள் தம் தொழிலையும் இல்லறத்தையும் குறைவின்றி நடத்துவோர் பலர். ஆயினும் அம்மருந்துகள் இருபுறமும் கூரிய வாள் போன்றவை. அளவு குறைந்தால் நோய் மிஞ்சும். அளவு கூடினால் மருந்தே நோயாகும். எந்த மருந்தைத் தருவது என்பது மருத்துவர் முடிவு செய்ய வேண்டிய காரியம். அதில் நாம் தலையிடப் போவதில்லை. அவர் தந்ததைத் தீங்கின்றி உட்கொள்வது எவ்வாறு என்பதே இங்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

தில்லி, மும்பை, கொல்கத்தா, அகமதாபாத், ஜாம்ஷெட்பூர் என்று நாட்டின் பல பகுதிகளில் வாழும் தமிழ் மக்களுக்கு இப்பொருள் தனிப்பட்ட முறையில் வேண்டப்படுவது. வேலை பார்க்கும் ஊரில் ஒரு மருத்துவர், விடுமுறைக்குச் செல்லும் சொந்த ஊரில் மற்றொரு மருத்துவர் என இருவரிடம் வைத்தியம் பார்ப்பது நம்மவரிடையே இயல்பு. நோயைச் சொல்லும் மொழி வேறு; உண்ணும் உணவு ஊருக்கு ஊர் வேறு; மருந்தின் விற்பனைப் பெயரும் கடைக்குக் கடை வேறு. இந்த வேறுபாடுகளுக்கு இடையில்தான் பல தீங்குகள் நேர்கின்றன.

தாளம் தவறுவது எவ்வாறு?

இருதயத்தில் மேலறைகள் இரண்டு, கீழறைகள் இரண்டு. வலது மேலறையின் சுவரில் சிறு திசுக் கணு ஒன்று உள்ளது. 1907ஆம் ஆண்டில் ஆர்தர் கீத், மார்ட்டின் பிளாக் என்னும் பிரிட்டிஷ் அறிஞர் இருவர் அதனைக் கண்டறிந்து விவரித்தனர். துடிப்புக்கு வேண்டிய மெல்லிய மின்னோட்டம் அங்கிருந்தே புறப்படுகிறது. அது மேலறைகளைச் சுருங்கச் செய்து, நடுவே உள்ள மற்றொரு கணுவில் சற்றே தாமதித்து, பின்னர்க் கீழறைகளுக்குச் செல்கிறது. அந்த நடுக்கணு ஒரு வாயில்காப்போன் போன்றது. இம்மின்னோட்டத்தைத் தாளில் வரைந்து காட்டுவதே ஈ.சி.ஜி. எனும் சோதனை. அதற்குரிய கருவியை அமைத்த ஹாலந்து நாட்டு அறிஞர் ஐந்தோவன் 1924ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார்.

தாளத் தவறுகளில் பல வகை உண்டு. இடையிடையே ஓரிரு துடிப்புகள் முந்தி வருவது பெரும்பாலும் தீங்கற்றது. தூக்கமின்மை, மனக்கவலை, மிகுதியான காப்பி ஆகியவற்றாலும் அது வரும். கீழறைகளிலிருந்து எழும் அதிவேகத் துடிப்போ உயிருக்கே உடனடி அபாயம் தருவது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்டு, முதியோரிடையே மிகுதியாகக் காணப்படுவது மேலறை நடுக்கம் என்னும் வகையாகும். இங்கு நாம் பெரும்பாலும் பேசப்போவது இதனைப் பற்றியே.

இந்நிலையில் மேலறைகள் முறையாகச் சுருங்குவதில்லை. நிமிடத்துக்கு 350 தடவைக்கும் மேலாக வெறுமனே நடுங்குகின்றன. வாயில்காப்போன் அவற்றுள் ஒரு பகுதியை மட்டும் கீழே விடுவதால் நாடி வேகமாகவும் ஒழுங்கின்றியும் அடிக்கிறது. இதனால் விளையும் தீமைகள் இரண்டு. முதலாவது, ஓயாத வேகத்தால் இருதயம் களைத்து வலுவிழப்பது. இரண்டாவது, நடுங்கும் மேலறையின் மூலையில் இரத்தம் தேங்கி உறைவது. அவ்வாறு உறைந்த சிறு கட்டி மூளைக்குச் சென்று அங்குள்ள இரத்தக் குழாயை அடைத்தால் பக்கவாதம் உண்டாகிறது. மேலறை நடுக்கம் உடையோருக்குப் பக்கவாத அபாயம் மற்றவரைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு என்று அமெரிக்காவின் பிராமிங்ஹாம் நகரில் நடந்த நெடுநாள் ஆராய்ச்சி காட்டியுள்ளது.

முதுமை, இரத்தக் கொதிப்பு, தைராய்டு சுரப்பியின் மிகுதி, மது ஆகியன இதற்குக் காரணங்கள். நம் நாட்டில் இன்னொரு காரணமும் உண்டு. இளமையில் வரும் ருமாட்டிக் காய்ச்சல் இருதய வால்வைச் சுருக்கிவிடுகிறது. அதனால் முப்பது, நாற்பது வயதினருக்கும், குறிப்பாகப் பெண்களுக்கும், இந்நோய் வருகிறது.

மூவகை மருந்துகள்

இந்நோய்க்குத் தரப்படும் மருந்துகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம். தம் கையில் உள்ள மாத்திரை எந்த வகையைச் சேர்ந்தது என்பதை ஒவ்வொரு நோயாளியும் அறிந்திருத்தல் வேண்டும்.

முதல் வகை, வேகத்தைக் குறைப்பவை. மெட்டோப்ரலால், பிசோப்ரலால், அட்டினலால் முதலியனவும், வெரப்பமில், டில்டியாசெம் ஆகியனவும், டிகாக்சினும் இவ்வகை. இவை வாயில்காப்போனை விழிப்புடன் இருக்கச் செய்கின்றன.

இரண்டாம் வகை, தாளத்தையே சீர்படுத்த முயல்பவை. அமியோடரோன், சோட்டலால், பிளெகனைடு, புரோபபெனோன் என்பன இவை. இவற்றைத் தகுந்த சோதனையின்றி உட்கொள்ளலாகாது. இதனை உலகுக்கு உணர்த்தியது 1989ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆராய்ச்சியாகும். மாரடைப்பு வந்து பிழைத்தவர்களில் துடிப்புக் கோளாறு உடையோருக்குப் பிளெகனைடும் அதன் இனத்து மருந்து ஒன்றும் தரப்பட்டன. ஈ.சி.ஜி. தாளில் துடிப்பு அழகாகச் சீர்பட்டது. ஆனால் மருந்து உண்டவர்களில் இறந்தோர் எண்ணிக்கை, வெறும் மாத்திரை உண்டவர்களில் இறந்தோரைவிட இரு மடங்குக்கும் மேலாயிற்று. ஆராய்ச்சியின் அப்பகுதி உடனே நிறுத்தப்பட்டது. துடிப்பைச் சீராக்கும் மருந்தே, பழுதுற்ற இருதயத்தில் துடிப்பைக் கெடுக்கவும் கூடும் என்பது இதனால் விளங்கிற்று. அண்டை வீட்டாருக்குக் குணம் தந்த மாத்திரையை நாமும் வாங்கி உண்பது எத்துணைப் பெரிய தவறு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

மூன்றாம் வகை, இரத்தம் உறைவதைத் தடுப்பவை. வார்பரின், அசினோகூமரால் என்னும் பழைய மருந்துகளும், டபிகட்ரான், ரிவரோக்சபான், அபிக்சபான் என்னும் புதிய மருந்துகளும் இவ்வகை.

இம்மூன்றுக்கும் உள்ள முக்கியமான வேற்றுமை ஒன்றை நாம் வற்புறுத்திக் கூற விரும்புகிறோம். முதலிரு வகை மருந்துகள் வேலை செய்வது நோயாளிக்குத் தெரிகிறது; படபடப்பு அடங்குகிறது, மூச்சு சீராகிறது. மூன்றாம் வகை வேலை செய்வது அவருக்குத் தெரிவதே இல்லை. உண்டாலும் ஒன்றும் தோன்றாது. நிறுத்தினாலும் அன்றைக்கு ஒன்றும் தோன்றாது. ஆகவே, “உடம்பு தேறிவிட்டது, இனி இது எதற்கு?” என்று பலரும் முதலில் நிறுத்துவது இதைத்தான். பக்கவாதத்தைத் தடுத்து நிறுத்துவதோ இந்த மருந்துதான். நலமாக இருக்கிறோம் என்னும் உணர்ச்சி மருந்தை நிறுத்துவதற்குக் காரணமாகாது. மருந்து உண்பதனாலேயே நலமாக இருக்கிறோம் என்பதே உண்மை.

மருந்தின் குணமும் அளவும்

டிகாக்சின் என்பது டிஜிட்டாலிஸ் செடியிலிருந்து பெறப்படுவது. அச்செடியின் மருத்துவக் குணத்தை விளக்கி வில்லியம் விதரிங் என்னும் ஆங்கில மருத்துவர் 1785ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். நம் ஊர்த் தோட்டங்களில் பூக்கும் அரளியின் நஞ்சும் இதே இனத்தது என்பதை அறிந்தால், அளவு எவ்வளவு முக்கியம் என்பது தானே விளங்கும். பசியின்மை, குமட்டல், பொருள்கள் மஞ்சளாகத் தோன்றுதல், நாடி மிகவும் தளர்தல் ஆகியவை டிகாக்சின் மிகுந்ததற்கு அறிகுறிகள். வடநாட்டுக் கோடையில் வாந்தியோ பேதியோ கண்டு உடலில் நீரும் பொட்டாசியச் சத்தும் குறையும்போது, வழக்கமான அளவே நஞ்சாகக்கூடும். நீர் பிரியத் தரும் மாத்திரையும் உடன் உண்போர் மேலும் கவனமாக இருத்தல் வேண்டும். சில மருத்துவர்கள் இதனை வாரத்தில் ஐந்து நாள் மட்டும் உண்ணச் சொல்வதுண்டு. விட்ட இரு நாளையும் மறதி என்று கருதி வீட்டார் ஈடு செய்துவிடலாகாது.

மெட்டோப்ரலால் இனத்து மருந்துகளைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் அடக்கி வைத்திருந்த வேகம் மீறி எழும், மார்வலியும் வரக்கூடும். நிறுத்த வேண்டுமாயின் மருத்துவர் படிப்படியாகக் குறைப்பார். ஆஸ்துமா உடையவர் அதனை முதலிலேயே சொல்ல வேண்டும். நீரிழிவு உடையவருக்குச் சர்க்கரை மிகத் தாழும்போது வரும் நெஞ்சுப் படபடப்பை இம்மருந்து மறைத்துவிடும். ஆதலின் வியர்வை, நடை தள்ளாட்டம் முதலிய பிற அறிகுறிகளைக் கவனித்தல் நன்று.

அமியோடரோன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அயோடின் உடையது. அது உடலில் பல வாரங்கள், சில வேளை மாதங்கள் தங்குவது. தைராய்டையும் கல்லீரலையும் அது தாக்கக் கூடுமாதலால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரத்தச் சோதனை வேண்டும். காரணமின்றி வறட்டு இருமலும் மூச்சுத் திணறலும் வந்தால் சளி என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் கூற வேண்டும்; அது நுரையீரலைத் தாக்கியதன் அடையாளமாக இருக்கலாம். வெயில் பட்ட தோல் விரைவில் கருகுவதும் இம்மருந்தின் இயல்பு.

வார்பரினின் வரலாறு விந்தையானது. 1920களில் வட அமெரிக்காவில், கெட்டுப்போன வைக்கோலைத் தின்ற மாடுகள் இரத்தம் வடிந்து மடிந்தன. அதன் காரணத்தை விஸ்கான்சின் பல்கலைக் கழகத்தில் கார்ல் பால் லிங்க் என்பவர் ஆராய்ந்ததன் பயனாகப் பிறந்ததே இம்மருந்து. 1948இல் எலி மருந்தாகவே அது விற்பனைக்கு வந்தது. 1954இல் மனிதருக்குரிய மருந்தாக ஏற்கப்பட்டது. எலியைக் கொல்வதும் மனிதரைக் காப்பதும் ஒரே பொருள். வேறுபடுவது அளவு ஒன்றே. அந்த அளவை அறிவிப்பது ஐ.என்.ஆர். என்னும் இரத்தச் சோதனை. மேலறை நடுக்கம் உடையோருக்குப் பொதுவாக அந்த எண் 2க்கும் 3க்கும் இடையே இருத்தல் வேண்டும். குறைந்தால் இரத்தம் உறையும். மிகுந்தால் இரத்தம் கசியும். செயற்கை வால்வு பொருத்தியவருக்குரிய எண்ணை அவரவர் மருத்துவர் கூறுவார். தொடக்கத்தில் அடிக்கடியும், எண் நிலைபெற்ற பின் மாதம் ஒருமுறை அல்லது மருத்துவர் சொன்ன இடைவெளியிலும் சோதனை செய்ய வேண்டும்.

புதிய மருந்துகளுக்கு இச்சோதனை வேண்டுவதில்லை. ஆனால் அவற்றின் காவல் குறுகியது. ஓரிரு வேளை தவறினாலே அது நீங்கிவிடும். சிறுநீரகத்தின் நிலைக்கேற்ப அவற்றின் அளவு மாறும். உலோக வால்வு உடையோருக்கும், ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு மிகவும் சுருங்கியோருக்கும் அவை ஏற்றவை அல்ல. ருமாட்டிக் நோயாளிகளிடையே நடந்து 2022இல் வெளியான பெரிய ஆராய்ச்சியிலும், ரிவரோக்சபானைவிட வார்பரின் இனமே மேலான பயன் தந்தது. எனவே, “புதியது வந்திருக்கிறதே, மாற்றிக்கொள்வோம்” என்று தாமே முடிவு செய்தல் தகாது.

கருத்தரிக்கும் வயதுடைய பெண்கள் ஒன்றை நினைவில் வைத்தல் வேண்டும். வார்பரின் இனம் கருவிலுள்ள குழந்தைக்குத் தீங்கு செய்யக்கூடியது; அதற்காக அதனைத் தாமே நிறுத்துவதும் தாய்க்குத் தீங்கு. கருத்தரிக்க எண்ணும்போதே மருத்துவரிடம் கூறி வழி கேட்பதே முறை.

கீரையும் பருவமும்

வார்பரின், அசினோகூமரால் ஆகியவை வைட்டமின் கே எனும் சத்துக்கு எதிராக வேலை செய்பவை. அச்சத்து கீரை வகைகளில் மிகுதி. இதனைக் கேள்வியுற்றுக் கீரையையே தொடாது விடுவோர் உளர், அது வேண்டுவதில்லை. வேண்டுவது ஒரே சீரான அளவு. வாரம் இருமுறை கீரை உண்பவர் எக்காலமும் அவ்வாறே உண்ணலாம். மருத்துவர் அதற்கேற்ப மருந்தை அமைத்துக்கொள்வார்.

வெளி மாநிலத்தில் வாழ்வோருக்குச் சிக்கல் வருவது இங்கேதான். தில்லியிலும் பஞ்சாபிலும் குளிர்காலத்தில் கடுகுக் கீரை, பாலக்கு, வெந்தயக் கீரை ஆகியவை மலிந்து நாள்தோறும் உணவில் சேர்கின்றன. கோடையில் அவை அருகிவிடுகின்றன. விடுமுறையில் ஊருக்குச் சென்றாலோ, தாயாரோ தமக்கையோ பிள்ளை இளைத்துவிட்டான் என்று முருங்கைக் கீரையும் அரைக் கீரையும் நாள் தவறாமல் சமைத்துப் போடுகிறார்கள். மருந்து அதே மருந்து, அளவு அதே அளவு, எனினும் ஐ.என்.ஆர். எண் மாறிவிடுகிறது. ஆகவே பருவம் மாறும்போதும், சில வாரங்கள் ஊர் சென்று தங்கும்போதும், ஒருமுறை சோதனை செய்துகொள்வது நலம். உண்ணா நோன்பும், மதுவும், நீடித்த காய்ச்சலும் கூட அந்த எண்ணை மாற்றும்.

உடன் உண்ணும் பிற மருந்துகள்

இருதய மருந்தைக் கவனமாக உண்பவர்களே பிற மருந்துகளில் கவனம் இழப்பதைக் காண்கிறோம். முழங்கால் வலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோபினாக், ஐபுபுரோபென், ஆஸ்பிரின் ஆகியவை, இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துடன் சேர்ந்தால் வயிற்றில் இரத்தக் கசிவை உண்டாக்கும். பேதிக்குத் தரும் மெட்ரானிடசோல் வார்பரினின் வேகத்தை ஏற்றும். காசநோய்க்குத் தரும் ரிபாம்பிசின் அதனைக் குறைத்துவிடும். அமியோடரோன், வார்பரின் டிகாக்சின் இரண்டின் வேகத்தையும் கூட்டும். சளிக் காய்ச்சலுக்கு உண்ணும் அசித்ரோமைசினும், வயிற்றுப் பொருமலுக்கும் குமட்டலுக்கும் விற்கப்படும் மாத்திரைகளில் அடங்கிய டாம்பெரிடோனும், சோட்டலால் அல்லது அமியோடரோன் உண்பவருக்குக் கொடிய துடிப்புக் கோளாற்றை எழுப்பக்கூடும். கண்ணில் இடும் சொட்டு மருந்துங்கூட விலக்கன்று; கண் அழுத்த நோய்க்குரிய டிமோலால் இரத்தத்தில் கலந்து நாடியைத் தளர்த்தும்.

ஊசி போட்டால்தான் காய்ச்சல் இறங்கும் என்னும் நம்பிக்கை நம் மக்களிடையே உண்டு. இரத்தம் உறையாமைக்கு மருந்துண்பவருக்குத் தசையில் ஊசி போட்டால் அங்கே இரத்தம் கட்டிக்கொள்ளும். ஊசிக்கு முன்னும், பல் பிடுங்குவதற்கு முன்னும், எந்த அறுவைக்கு முன்னும் மருந்தைப் பற்றி வாய் திறந்து சொல்லிவிடுதல் கடமை. நாட்டு மருந்தும் மூலிகைப் பொடியும் உண்போர் அவற்றையும் மறைக்கலாகாது. மூலிகை என்பதனாலேயே ஒரு பொருள் தீங்கற்றதாகிவிடாது. டிகாக்சினும் செடியிலிருந்து வந்ததே.

ஒரே மருந்து, பல பெயர்கள்

இனி ஊர் மாற்றத்தால் வரும் தீங்குக்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். தில்லியில் பணிபுரியும் ஒருவருக்கு அங்குள்ள மருத்துவர் மெட்டோப்ரலால் தந்துள்ளார் என்று கொள்வோம். அவர் திருநெல்வேலிக்கு வந்தபோது படபடப்பு வர, உள்ளூர் மருத்துவர் வெரப்பமில் எழுதுகிறார். பழைய சீட்டு தில்லி வீட்டில் இருக்கிறது. “ஏதோ ஒரு வெள்ளை மாத்திரை சாப்பிடுகிறேன்” என்பதே நோயாளி சொல்லக்கூடியது. இரண்டையும் சேர்த்து உண்டால் நாடி ஆபத்தான அளவுக்குத் தளர்ந்து அவர் நினைவிழந்து விழக்கூடும். இவ்விரு மருத்துவரில் எவரும் தவறு செய்தாரல்லர். ஒருவர் எழுதியதை மற்றவர் அறியாததே தவறு. சில வேளை இரு சீட்டிலும் இருப்பது ஒரே மருந்தாகவும், விற்பனைப் பெயர் மட்டும் வேறாகவும் இருக்கும். அப்போது நோயாளி அறியாமலே இரு மடங்கு உண்கிறார்.

இதற்குப் பரிகாரம் எளியது. அட்டையின் மேல் பெரிய எழுத்தில் உள்ள விற்பனைப் பெயரை விட்டு, சிறிய எழுத்தில் அச்சிட்ட மருந்தின் பொதுப் பெயரையும், எத்தனை மில்லிகிராம் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். பொதுப் பெயரையே தெளிவாக எழுத வேண்டும் என்று மருத்துவர்களுக்கு 2016ஆம் ஆண்டில் மருத்துவக் கவுன்சில் விதி செய்துள்ளது. ஆதலின் கேட்டு எழுதி வாங்குவதில் கூச்சம் வேண்டுவதில்லை. பல மாநிலங்களிலும் உள்ள மக்கள் மருந்தகங்களிலும் பொதுப் பெயரைக் கொண்டே மருந்து விற்கப்படுகிறது. சீட்டில் ஓ.டி. என்றிருந்தால் நாளுக்கு ஒருமுறை, பி.டி. என்றால் இருமுறை, டி.டி.எஸ். என்றால் மும்முறை, எஸ்.ஓ.எஸ். என்றால் தேவைப்படும்போது மட்டும். 1—0—1 என்பது காலை ஒன்று, நண்பகல் இல்லை, இரவு ஒன்று என்பதாகும்.

மொழியிலும் ஓர் எச்சரிக்கை வேண்டும். தமிழில் தலைசுற்றலையும் மயக்கம் என்கிறோம். நினைவிழந்து விழுவதையும் மயக்கம் என்கிறோம். இருதய மருத்துவருக்கு இவ்விரண்டும் முற்றிலும் வேறானவை. இந்தியில் முன்னதைச் ‘சக்கர்’ என்றும், பின்னதைப் ‘பேஹோஷ்’ என்றும் பிரித்துச் சொல்ல வேண்டும். ‘கப்ராஹட்’ என்ற சொல் நெஞ்சுப் படபடப்பையும் மனக் கலக்கத்தையும் ஒருங்கே குறிக்கும். அதனை மட்டும் சொன்னால் மனக்கவலை என்று கொள்ளப்படவும் கூடும். ‘கல்’ என்ற சொல்லோ நேற்றையும் குறிக்கும், நாளையையும் குறிக்கும். ஆகவே சொல்லை நம்பாது எண்ணை நம்புவது மேல்: நாடி இவ்வளவு, இத்தனை மணிக்குத் தொடங்கியது, இத்தனை நிமிடம் நீடித்தது, விழுந்தது உண்டு அல்லது இல்லை. எண்ணுக்கு மொழிபெயர்ப்பு வேண்டுவதில்லை.

பயணமும் தவறிய வேளையும்

தில்லியிலிருந்து சென்னைக்கு இரயிலில் ஏறக்குறைய ஒன்றரை நாள் ஆகிறது. வண்டி தாமதமானால் இன்னும் கூடும். மருந்தைப் பெட்டியின் அடியில் வைத்துப் பூட்டாது, கைப்பையில் வைத்தல் வேண்டும். பயண நாட்களுக்கு மேல் ஒரு வாரத்துக்குரிய மருந்தும், மருந்துச் சீட்டின் படியும், கடைசி ஈ.சி.ஜி.யின் படியும் உடன் இருத்தல் நன்று. டபிகட்ரான் கூடுகளை அவற்றின் உறையிலிருந்து எடுத்து வேறு டப்பியில் இடலாகாது. கூட்டைப் பிரித்துப் பொடியை உண்ணவும் கூடாது. ரிவரோக்சபானை உணவுடன் உண்ண வேண்டும்.

ஒரு வேளை மறந்துவிட்டால் செய்வது என்ன? அடுத்த வேளையில் இரண்டாக உண்பது ஒருபோதும் கூடாது. வார்பரினை அதே நாளில் நினைவு வந்தால் உண்ணலாம். மறுநாள் நினைவு வந்தால் விட்டுவிட்டு, விட்ட தேதியைக் குறித்துவைக்க வேண்டும். அபிக்சபான், டபிகட்ரான் போன்று நாளுக்கு இருமுறை உண்பனவற்றில், அடுத்த வேளைக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் உண்ணலாம். இல்லையேல் அடுத்த வேளைக்குக் காத்திருப்பதே முறை. உண்டோமா இல்லையா என்று ஐயம் தோன்றாதிருக்க, நாட்காட்டியில் வேளைதோறும் ஒரு கோடிடும் வழக்கம் மிக நல்லது.

நாடியும் அபாய அறிகுறியும்

மணிக்கட்டில் கட்டைவிரலின் பக்கமாக, இரு விரல்களை மெல்ல வைத்து நாடியை எண்ணலாம். தாளம் தவறிய நாடியைப் பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்குவது பிழைபடும்; முழு நிமிடமும் எண்ண வேண்டும். ஓய்வாக இருக்கும்போது 50க்குக் கீழோ 110க்கு மேலோ தொடர்ந்து இருந்தால் மருத்துவருக்கு அறிவிக்க வேண்டும்.

கறுத்த மலம், நிற்காத மூக்கு இரத்தம், சிறுநீரில் சிவப்பு, காரணமற்ற நீலத் தழும்பு ஆகியவை இரத்தம் கசிவதன் அடையாளங்கள். தலையில் அடிபட்டால், காயம் வெளியே தெரியாவிட்டாலும், உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நினைவிழந்து விழுந்தாலோ, மார்வலியுடன் படபடப்பு வந்தாலோ தாமதிக்கலாகாது. வாய் ஒருபுறம் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சுக் குழறுதல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் 112க்கோ, 108 உள்ள மாநிலங்களில் அந்த எண்ணுக்கோ அழைத்தல் வேண்டும். உறைந்த கட்டியைக் கரைக்கும் மருந்துக்குரிய காலம் பொதுவாக நாலரை மணி நேரமே. மருத்துவமனையில் முதலில் சொல்ல வேண்டிய செய்தி, நோயாளி எந்த மருந்தை எத்தனை மணிக்குக் கடைசியாக உண்டார் என்பது.

நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து உதவுவோன் என்னும் நான்கும் பொருந்தியதே மருத்துவம் என்று திருக்குறளின் மருந்து அதிகாரம் கூறுகிறது. வெளியூரில் வாழ்வோருக்கு முதல் மூன்றும் எளிதில் கிடைக்கின்றன, அரிதாவது நான்காவதே. தனியே தங்கி வேலை பார்ப்பவர், தம் அறைத் தோழரிடமோ அண்டை வீட்டாரிடமோ தம் மருந்து இருக்கும் இடத்தைக் காட்டி வைத்தல் வேண்டும். குடும்பத்துடன் இருப்பவர், மனைவியோ கணவரோ மக்களோ ஒருவருக்கேனும் மருந்தின் பெயரையும் பயனையும் கற்பித்தல் வேண்டும். பெயர், வயது, நோய், மருந்தின் பொதுப் பெயர், மில்லிகிராம், உண்ணும் வேளை, கடைசி ஐ.என்.ஆர். எண், ஒவ்வாத மருந்து, மருத்துவரின் தொலைபேசி எண் ஆகியவற்றை ஒரு சிறு அட்டையில் ஆங்கிலத்திலும், அவ்வூர் மொழியிலும், தமிழிலும் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளலாம். இதற்கு அரை மணி நேரம் போதும். இன்றிரவு உணவுக்குப் பின், மருந்து உண்ணும் வேளையிலேயே அதனை எழுதி முடித்துவிடுமாறு நேயர்களை வேண்டிக்கொள்கிறோம்.